இரைச்சல் மாப்பிள்ளை ஐம்பது எண்ணிய கதை

அவருடைய பெயர் என்று முதன்முதலில் என் காதில் விழுந்தது பெயரே அல்ல. என் அக்காவின் இரண்டாவது மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. நான் அக்கா வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ரேடியோ அலறியது. தகர பீரோவைத் தரையில் இழுப்பது போல ஒரு கிதார், அதன்மேல் ஒரு ஆள் மூச்சு விடாமல் பேச்சு. என் அத்தான், அதுதான் அக்காவின் கணவர், காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"கேட்டியா? அந்த இரைச்சல்தான் நம்ம வீட்டுக்கு மாப்பிள்ளையா வரப்போகுது."

"எது அத்தான், பாட்டா பேச்சா?"

"ரெண்டும் ஒரே ஆள் கொண்டு வர்ற சரக்குதான்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவருக்கு இரைச்சல் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. பத்திரிகைதான் எங்கே என்று தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அப்பா தையல்காரர், இருபது மெஷின் கடகடக்கும் கூடத்தில் பேசிப் பழகியவர். பெரியப்பா ரயிலில் விசில் ஊதியவர். சித்தப்பாவுக்குக் காது மந்தம், அதனால் சித்தியும் கத்துவாள். அந்த வம்சத்தில் மெதுவாகப் பேசிய ஒரே ஜீவன் அவர்கள் வீட்டுப் பூனை.

இரைச்சலின் வேலை இதுதான். வாரத்தில் ஐந்து நாள், மாலை நான்கிலிருந்து ஐந்து வரை ராக் பாட்டுகளுக்கு ஒரு மணி நேரம். முதல் அரை மணி யாராவது ஒரு கிதார்காரரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுவார். நான்கரையிலிருந்து நேயர்கள் போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில். அந்த அறையை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு மேசை, இரண்டு மைக், தலையில் மாட்டும் ஹெட்போன், கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. வருகிற கிதார்காரர் உட்கார்ந்ததும் இவர் செய்கிற முதல் காரியம், அவருடைய இடது கையை வாங்கி விரல் நுனிகளைத் தடவிப் பார்ப்பது. கம்பி அழுத்தி அழுத்தி அங்கே காய்த்திருக்க வேண்டுமாம். காய்ப்பு இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால் பேட்டி முழுக்க மூஞ்சி சுருங்கியிருக்கும். மாட்டுத் தரகர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

ஆளுக்கு விஷயம் தெரியும், அதில் குறை சொல்ல முடியாது. குறை என்னவென்றால், கேள்வியையும் இவரே கேட்பார், பதிலையும் இவரே சொல்லிவிடுவார். "அந்தப் பாட்டுல நடுவுல கம்பியை இறக்கி வாசிச்சீங்களே, அது ஏன்? எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தால் அந்தக் கிதார்காரர் வாயைத் திறப்பதற்குள் அரை மணி ஓடிவிடும். நேயர்கள் கடிதம் எழுதிச் சலித்தார்கள். லாரி ஓட்டும் நேயர் ஒருவர் நிகழ்ச்சியிலேயே போன் செய்து, "சார், நேத்து வந்தவருக்குப் பேச்சு வருமா வராதா? வீட்டுல பந்தயம் கட்டியிருக்கோம்" என்று கேட்டார். அதற்கும் இரைச்சல் பத்து நிமிடம் பதில் சொன்னார்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் போயிற்று. அப்புறம் நிலையத்துக்குப் புதுப் பொறுப்பாளராக ஒரு அம்மா வந்தார். வந்த மூன்றாம் வாரமே இவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"உங்க நிகழ்ச்சியை யாரும் முழுசா கேக்கறதில்ல. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

இவர் உடனே ஒரு பெரிய கிதார்காரரின் பெயரைச் சொல்லி, அவர் ஊருக்கு வருகிறார், என் நிகழ்ச்சிக்கு வரச் சம்மதித்திருக்கிறார் என்றார். அந்த மனிதர் பேட்டியே கொடுக்காதவர் என்று ஊருக்கெல்லாம் தெரியும். பொறுப்பாளர் அம்மா யோசித்தார்.

"சரி. அவர் பேசணும், நீங்க இல்ல. அவர் பேசி நாலு பேர் கேட்டாங்கன்னா நிகழ்ச்சி இருக்கும். இல்லேன்னா கிடையாது."

வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பாட்டுப் போடவில்லை, பேசவில்லை. என் அக்கா மகள் பயந்து எனக்குப் போன் செய்தாள். நான் போனேன். அந்த வீட்டில் கடிகார முள் நகரும் சத்தம் எனக்குக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அவள்தான் வழி சொன்னாள். "அந்த ஆளு யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுவாருன்னு நீங்களே சொல்றீங்க. கேள்வியைக் கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள ஒன்னுல இருந்து ஐம்பது வரைக்கும் எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஐம்பதா?"

"இருபத்திரண்டு வருஷமா நான் எண்ணிக்கிட்டுதானே இருக்கேன். செத்தா போயிட்டேன்?"

பத்து நாள் பயிற்சி நடந்தது. குழம்பை வாயில் வைத்து, "உப்பு போட்டியா?" என்று கேட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டு எண்ணுவார். இவள் வேண்டுமென்றே ஐம்பது வரைக்கும் பதில் சொல்ல மாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்க்க வேண்டும். முதலில் பன்னிரண்டு தாண்ட முடியவில்லை. ஏழாம் நாள் நாற்பதைத் தொட்டார், முகம் சிவந்துவிட்டது. பத்தாம் நாள் ஐம்பது. பார்க்க வந்திருந்த எங்கள் அக்கா கைதட்டினாள். தண்ணீருக்குள் முக்குளித்து எழுந்தவர் மாதிரி மனிதர் மூச்சு வாங்கினார்.

அந்த நாளும் வந்தது. நான் என் வீட்டில் நான்கு மணிக்கே ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு போட்டார். வந்தவரை இரண்டே வரியில் அறிமுகம் செய்தார். நான் அதிசயப்பட்டேன். பிறகு கேள்வி வந்தது: "உங்க முதல் கிதாருக்கு என்ன ஆச்சு?"

மௌனம். எனக்கே பெருமையாக இருந்தது. நானும் கூடவே எண்ணினேன். பத்து. இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்று என்று நான் சொல்லும்போது ரேடியோவில் ஒரு புதுக் குரல்: "அன்பான நேயர்களே, பற்களைப் பாதுகாப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிற்பாடுதான் விவரம் தெரிந்தது. ரேடியோ நிலையங்களில் ஒரு இயந்திரம் உண்டாம். முப்பது விநாடி சத்தமே வராவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, தானாகவே ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுவிடுமாம். யாராவது போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்குமாம். அதெல்லாம் இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இயந்திரத்துக்கு இவர் ஒரு நாளாவது வேலை வைத்திருந்தால்தானே நினைவு வரும்? மூன்று விநாடி சும்மா இருந்தவரில்லை. ஹெட்போனில் அறைக்குள் பேசுவது மட்டும்தான் கேட்கும், வெளியே என்ன போகிறது என்று தெரியாது. அந்த இயந்திரத்தைக் காவல் காக்க வேண்டிய பொறியாளராவது அதன் பக்கத்தில் இருந்தாரா? அவர் பெரிய கிதார்காரரைப் பார்க்க வேண்டுமென்று பழைய போஸ்டரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்து மூலையில் நின்றிருக்கிறார்.

உள்ளே அந்த மனிதர் முப்பத்தெட்டாவது எண்ணிக்கையில் வாயைத் திறந்தாராம். திறந்தவர் மூடவில்லையாம். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாராம். வெளியே எங்களுக்கு ஈறு வீக்கம், சொத்தை, பிரஷ்ஷை எந்தப் பக்கம் தேய்ப்பது.

நான் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நேயர் கேள்வி நாலரைக்குத்தாம்மா."

"கேள்வி இல்லம்மா, ஒரு அவசர சங்கதி. அவர் பேசறது வெளியே கேக்கல."

"சங்கதியா இருந்தாலும் நாலரைக்குத்தாம்மா. வரிசையில போடறேன், நீங்க நாலாவது ஆளு."

"அடியம்மா, நான் அவருக்கு மாமியார் முறை!"

"மாமியாரா இருந்தாலும் நாலாவதுதாம்மா."

போனைக் காதில் வைத்தபடி இருபது நிமிடம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான்கரைக்கு வரிசை நகர்ந்தது; அறைக்குள் பேசுவது போனில் எனக்குக் கேட்டது. முதலில் பேசியவர் ஒரு பெரியவர். "உப்புத் தண்ணியில ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொப்பளிக்கணும் சார்?" இவர், "ஐயா, இது ராக் நிகழ்ச்சி" என்றார். அடுத்தது ஒரு அம்மா. "குழந்தைக்குப் பால் பல்லு ஆடுது, பிடுங்கலாமா?" மூன்றாவது நம் லாரிக்காரர். "சார், கிதார்காரர் பல் டாக்டருக்கும் படிச்சிருக்காரா? நல்லா பேசறாரு." அவ்வளவுதான், இரைச்சலுக்குப் பொறுமை போயிற்று.

"என்னய்யா எல்லாரும் சேர்ந்து விளையாடறீங்களா? பத்து நாள் வாயைக் கட்டி, பட்டினி கிடந்தவன் மாதிரி கிடந்து, இந்த மனுஷனைப் பேச வெச்சிருக்கேன்! பல்லாம் பல்லு!"

அடுத்தது நான்.

"மாப்பிள்ளை, நான்தான் பேசறேன். நீங்க ரேடியோவுல இல்ல."

"என்ன சின்ன அத்தை, நீங்களுமா?"

"ஐம்பது எண்ணுனீங்க இல்ல? நீங்க முப்பது தாண்டுறதுக்குள்ள ரேடியோவுல வேற ஆளு பேச ஆரம்பிச்சுட்டாரு. இந்த நிமிஷம் கடைவாய்ப் பல்லைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. நீங்க திட்டுனதுகூட வெளியே வரல, அதுவரைக்கும் நல்லது."

நாற்காலி விழுந்த சத்தமும், பொறியாளர் "ஐயோ" என்றதும், இரண்டு பேர் ஓடுவதும் போனில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பல் பேச்சு பாதியில் அறுந்து, இவருடைய மூச்சிரைப்பு ரேடியோவில் வந்தது. மீதி இருபது நிமிடம்.

இவர் அந்த மனிதரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு, "திருப்பி ஒரு தடவை... உங்க முதல் கிதாருக்கு என்ன ஆச்சு?" என்றார். கேட்டுவிட்டு எண்ணினார். இவருக்கு வேறு வழி தெரியவில்லை. பத்து, பதினைந்து. அப்போது தடித்த கம்பியை ஒருமுறை மீட்டும் சத்தம், டொய்ங் என்று. கிதார்காரர் மடியில் கிதாரை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார். யோசிப்பார், இயந்திரத்துக்கு ஒரு டொய்ங். மறுபடி யோசிப்பார், இன்னொரு டொய்ங்.

"தங்கச்சிக்குக் கொடுத்தேன்" என்றார் கடைசியில். டொய்ங். "அவ திருப்பித் தரல." டொய்ங். "நல்லா வாசிப்பா. என்னைவிட."

இருபது நிமிடமும் இப்படியே போயிற்று. முதலில் சொன்னதில் பாதிகூட இல்லை என்று இரைச்சல் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் இவர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் என் காதால் கேட்டேன்.

அடுத்த வாரம் பொறுப்பாளர் அம்மா கடிதங்களை மேசையில் இரண்டு அடுக்காக வைத்தாராம். கிதார்காரரைப் பாராட்டிப் பதினொன்று. பல் டாக்டர் மறுபடியும் எப்போது வருவார் என்று கேட்டு இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்றில் ஒன்று எங்கள் அத்தான் எழுதியது; இது மட்டும் இரைச்சலுக்குத் தெரியாது.

அம்மா தீர்ப்பைச் சொன்னார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, பாதியாக்கினார்.

இப்போது இரைச்சலுக்கு ஐம்பத்தாறு வயது. அதே ஜன்னலில்லாத அறையில், நான்கிலிருந்து நான்கரை வரை கிதார்காரர்களிடம் பேசுகிறார். நான்கரைக்குப் பல் டாக்டர் வருகிறார். அவரைப் பேட்டி காண்பதும் இவர்தான்.