கெட்ட வார்த்தை இல்லாத கமெண்ட்

பல்லிடுக்கில் நூல், இரண்டு கையிலும் நூல், நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்ட ஒரு பெண். இந்த நிலையில் போன் சிணுங்கினால் வேறு யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். பார்லர் அக்கா கழுத்தை நீட்டி, கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கும் போனை மூக்கு நுனியால் ஒரு குத்து குத்துவாள். எவனோ ஒருவன் கமெண்டில் காட்டிய வாய்க்கொழுப்பு அதோடு காலி. பிறகுதான் ஒற்றைப் புருவம் முடிந்து காத்திருப்பவளுக்கு மற்றப் புருவம்.

தொழில் அழகு நிலையம். உபதொழில் அட்மின். பெண்கள் உரிமை பற்றி ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்ளும் இணையக் குழு அது. பொழுது போகாமல் ஆரம்பித்தாள், இப்போது பொழுதே போதவில்லை. ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பெண்கள் இரண்டு வரி எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் அந்த இரண்டு வரிக்கு ஊரே பாடம் நடத்தி முடித்திருக்கும். அதனால் அக்கா கமெண்டைப் பூட்டிவிடுவாள். "எழுதினவ கையைத் துடைச்சிட்டு வரட்டும், அப்புறம் பேசுங்க." இது சர்வாதிகாரம் என்று ஒருவர் பொங்கினார். "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்று அக்கா பதில் போட்டாள்.

திட்டு அவளுக்கு உறைப்பதே இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டுவாள். "கேளுங்கம்மா, எனக்குக் கொழுப்பாம். இதைத்தான் டாக்டரும் போன மாசம் சொன்னாரு."

அவளுக்கு உறைத்தது ஒரு மரியாதையான கமெண்ட்தான்.

பெயரை மறைத்து, பூனைப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பெண் குழுவில் கேட்டிருந்தாள்: வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, அப்பா விடமாட்டார், சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிடலாமா? கீழே ஒருவர் எழுதினார்: "நீ நம்ம போஸ்ட்மேன் பொண்ணுதானேம்மா? உங்க அப்பா எனக்கு நல்ல பழக்கம். நானே பேசறேன்." கூடவே ஒரு ரோஜாப்பூ. பலரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் அக்காவுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா போனைப் புடுங்கிடுவாருக்கா. வேலையும் அவ்வளவுதான்." அதன்பின் குழுவில் அவளைக் காணோம்.

ரோஜாப்பூ போட்டு எழுதியவர் அக்காவின் கணவருக்கு அண்ணன். கல்யாணமானவளுக்குக் கடை எதற்கு என்று வீடே குதித்தபோது அத்தனை பேரையும் அடக்கி, தன் கையால் ஆணியடித்துப் பெயர்ப்பலகை மாட்டிக் கொடுத்த மனிதர். இதையும் அவர் உதவி என்றுதான் நினைத்தார். அக்கா அந்தக் கமெண்டை நீக்கினாள். ஒரு வாரத்துக்கு அவர் எழுத முடியாதபடியும் செய்தாள். "எங்க அண்ணன்னு தெரிஞ்சுமா?" என்று கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவள் அக்கா. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் நீக்கியது நீக்கியதுதான்.

மறுநாள் அந்த அண்ணனே கடைக்கு வந்தார். பெண்கள் பார்லர் என்பதால் திரைக்கு வெளியிலேயே நின்றார்.

"நான் என்னம்மா கெட்ட வார்த்தையா எழுதினேன்?"

ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த அக்கா, கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தாள்.

"இல்ல மாமா. திட்டியிருந்தா அவளும் திருப்பித் திட்டியிருப்பா. நீங்க அவ அப்பாவையே கூப்பிட்டீங்களே."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன். உனக்காகவும்தானே பேசினேன்?"

"நான் கேட்டேன், பேசினீங்க. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அவ உங்ககிட்ட கேக்கலையே."

அவர் தெருவைப் பார்த்தார். வருத்தப்பட்ட முகம். அக்காவுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இப்ப அங்கதான் போறேன். பக்குவமா எடுத்துச் சொன்னா..." என்று அவர் படியிறங்கத் திரும்பினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் குரலை உயர்த்தியறியாத அக்கா, எட்டி அவருடைய வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்தாள். கருப்புச் சாயம் துணியில் ஊறிப் பரவியது. உள்ளேயிருந்து "ஏம்மா, தலை எரியுதே!" என்று அந்த அம்மாள் கத்தினாள். அக்கா பிடியை விடவில்லை.