நீலப் பூப்போட்ட தலையணை உறை

அப்பாவோடு மண்டியில் வேலை செய்த ஏழுமலை அண்ணன் போன் செய்தபோது விழுப்புரத்தில் என் கடையில் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாரும்மா. வீட்டுலதான். மத்தியானம் படுத்தவரு எழுந்திருக்கல."

அழுகைக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. வீட்டில்தான் என்று ஏன் அழுத்திச் சொல்கிறார்? மண்டியில் மூட்டையோடு விழுந்திருப்பார், எனக்குப் பயந்து மறைக்கிறார்கள். திண்டிவனம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காரியத்துக்கு வந்திருக்கிற, அப்பாவோடு மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை சுமந்த உங்களுக்கு இது புரியும். தோளில் மூட்டையோடு போகும்போதே பக்கத்தில் வருபவரின் துண்டை உருவிக்கொண்டு ஓடுவாராமே! என் மகள் யாழினி பிறந்த அன்று, "எனக்குப் பொண்ணு பொறந்துக்குது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, மண்டியே வாயைப் பிளந்த பிறகுதான் பேத்தி என்றாராம். இப்படிப்பட்ட மனிதரின் பேச்சை எதை வைத்து நம்புவது?

போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இனி மூட்டையைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அம்மா போனபின் திண்டிவனத்தில் தனியாக இருந்தவரைத் தினமும் மத்தியானம் வீடியோ காலில் கூப்பிடுவேன். நான் தைத்துக் கொடுத்த நீலப் பூப்போட்ட தலையணையில் சாய்ந்தபடி, "ரெஸ்ட்டுல கீறேம்மா" என்பார்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆடு வந்து அந்தத் தலையணையைக் கடித்து இழுத்தது. உறை நழுவி, அடியில் மல்லாட்டை மூட்டை தெரிந்தது.

"வீட்டுக்குள்ள ஆடு பூந்துடுச்சிம்மா" என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல்.

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். தாத்தா மண்டிக்குப் போவது அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம், சொல்லக் கூடாது என்றாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மாவும் இல்ல, நீயும் போயிட்டா எனக்கு யாருப்பா கீறாங்க?" என்று அழுதுவிட்டேன். அப்பா முதல்முறையாகத் தடுமாறினார். "சும்மா படுத்துக்கினு இருக்கறதுதாம்மா கஷ்டமான வேல. அத எனக்கு யாரும் கத்துத் தரல" என்றார்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கடைசி மத்தியானம். "வீட்டுலதாம்மா படுத்துக்கினு கீறேன்" என்றார்.

"ஃபேனைக் காட்டு."

காட்டினார்.

"அந்த மாதிரி ஃபேன் மண்டி ஆபீஸ்லயும்தான் கீது."

"அடியே போலீசு, நீயே வந்து பாத்துக்கோ" என்று சிரித்தார்.

"இனிமே உன்ன நம்பறதா இல்லப்பா" என்று போனை வைத்தேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான்.

வீட்டுக்குள் போனதும் முதலில் அவர் நகக்கண்களைத்தான் பார்த்தேன். தலைமுடியைத் தடவி மண்டித் தூசி தேடினேன். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது. கட்டிலில் அந்த நீலப் பூ உறை, துவைத்து நிஜத் தலையணைக்கே போட்டிருந்தது.

ஏழுமலை அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். "ஆடு வந்த அன்னிக்கே உறையை எடுத்துக்கினு கெளம்பிட்டாரும்மா. 'எம் பொண்ணு அழுதுட்டாடா, இனிமே வரமாட்டேன்'னாரு. அப்பறம் மண்டி பக்கமே வரல."

அந்த உறையை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். நேற்று அதன் தையலைப் பிரித்து ஓரங்களில்கூடத் தேடினேன். சாக்கின் சணல் நார் ஒன்றுகூட இல்லை.

நீ வீட்டில்தான் இருந்தாய், அப்பா. நம்புகிறேன்.