கூப்பன் வெட்டிய கம்ப்யூட்டர் புத்தகங்கள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. காபி கொட்டிவிட்டது, குழந்தை கீழே போட்டுவிட்டது, ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது என்று ஏதாவது ஒரு துக்கத்தோடுதான் வருவார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் மட்டும் போகும்போது சிரித்துக்கொண்டே போவார்கள், துக்கத்தை என்னிடம் விட்டுவிட்டு. காரணம், நானே வாங்கி நானே அடுக்கி வைத்திருக்கும் பழைய பத்திரிகைகள்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை. ஒரு பாதியில் நான் லேப்டாப்புகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுபாதியில் என் மனைவி மலர்விழி ஜெராக்ஸ் மிஷின் ஓட்டுகிறாள். நடுவில் ஒரு ஷெல்ஃப் முழுக்கத் தொண்ணூறுகளில் வந்த ஒரு கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகை. டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆங்கிலப் பத்திரிகை, நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. காத்திருக்கிறவர்கள் பொழுதுபோகப் புரட்டட்டும் என்றுதான் வைத்தேன். கூட வேலை பார்த்தவன் போட்டோவை நம் கடையிலேயே வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைப் பார்த்துப் பாராட்டுவதைக் கேட்கும் பாக்கியம் உங்களுக்கும் வாய்த்திருந்தால் மேலே படியுங்கள். நாம் ஒரே கட்சி.

படித்த எலி

அண்ணனூர் ரயில் ஷெட்டில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ரிட்டயர் ஆன ஏகாம்பரம், பேத்தியின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு இதழை எடுத்துப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், தாளில் இருந்த சதுர ஓட்டை வழியாக ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லா இதழிலும் கடைசிப் பக்கங்களில் அப்படி ஒரு ஓட்டை இருக்கும். கூப்பன் வெட்டிய ஓட்டை.

மாதம் ஒரு போட்டி வைப்பார்கள். கூப்பனில் மூன்று சுலபமான கேள்விகள். பதிலை எழுதி, வெட்டி, அஞ்சலட்டையில் ஒட்டி அனுப்ப வேண்டும். சரியான விடைகளில் முதலில் போய்ச் சேர்வதற்கு ஒரு முழு கம்ப்யூட்டர் பரிசு. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. நான் அம்பத்தூரில் குடியிருந்தேன், ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலை. புத்தகம் வருகிற அன்று காலையில் ஸ்டேஷன் கடையில் வாங்கி, நின்ற இடத்திலேயே பதில் எழுதி, பிளேடால் கூப்பனை வெட்டி, கடைக்காரரின் கோந்தைத் தொட்டு அட்டையில் ஒட்டி, பிளாட்பாரத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். அட்டைப்படத்தையே ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் பார்ப்பேன். ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு பரிசும் விழுந்ததில்லை.

இத்தனையையும் ஏகாம்பரத்திடம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எலி கடித்துவிட்டது என்றேன். அவர் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலின்னா ஓரத்தத்தான் கடிக்கும் சார். இது ஸ்கேல் வெச்சிக் கடிச்சா மாரி கீது. படிச்ச எலி போல."

கட்டம் கட்டிய முகம்

அந்த ஆவடி சென்டரில் என்னோடு வேலை பார்த்தவன் நிஜாம். பூந்தமல்லிக்காரன். இருவரும் ஒரே மாதம் சேர்ந்தோம், ஒரே சம்பளம், ஒரே டீக்கடை. பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் வாசகர்கள் எழுதும் யுக்திகளுக்கு என்று ஒரு பக்கம் உண்டு. அதில் பெயர் வந்தவன்தான் எங்கள் வட்டாரத்தில் ராஜா. பிரசுரமானால் தகவல் சொல்லும் வழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. மாதாமாதம் வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் கை வலிக்க வலிக்க எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தேன். நிஜாம் ஒரே ஒருமுறை அனுப்பினான், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் மெனு வருவது எப்படி என்று. நானும் சாயங்கால பேட்ச்சுக்கு அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து பிரிக்கிறேன், பக்கத்தின் தலையில் கட்டம் கட்டி நிஜாமின் முகம்! 'இம்மாதத்தின் சிறந்த யுக்தி' என்று போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் வழக்கம்போல என் ஓட்டை. மேலே அவன் பத்திரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. நண்பன் என்பதால் எரியாமல் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இன்னும் நன்றாகவே எரியும். சென்டர் ஓனர் பாஸ்கர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். ஆணியை நான் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் சுத்தியலால் அடித்தபடியே கேட்டார்: "நீங்களும் எதுனா எழுதி அனுப்பலாம்ல தனசேகரன் சார், போஸ்டாபீசு இன்னா அவ்ளோ தூரமா?"

கண்ணாடித் தட்டு

பிறகு பத்திரிகையோடு இலவசமாக சிடி கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டையில் ஒட்டியிருக்கும், பிய்க்கும்போது அட்டைப்படமும் கொஞ்சம் சேர்ந்து வரும். பிய்த்து என்ன செய்வது? சென்டரில் இருந்தவை எல்லாம் பிளாப்பி மட்டுமே போடும் மிஷின்கள். எனக்குத் தெரிந்து சிடி டிரைவ் இருந்த ஒரே இடம் பூந்தமல்லியில் நிஜாம் வீடு. அவனுடைய மாமா துபாயிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர். பெயர் வந்தது போதாதென்று மாமாவும் அவனுக்கே!

அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். நெரிசலில் யாராவது நெஞ்சில் சாய்ந்தால் உயிரே போய்விடும். அங்கே போனால் சிடியைப் போடுகிறவன் நிஜாம், மவுஸைப் பிடிக்கிறவன் நிஜாம். திரையில் திமிங்கிலம் நீந்தினால் வீடே அவனைப் பார்த்துக் கைதட்டும். சிடி என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்லப்போகும் நேரத்தில் சரியாக அவன் அம்மா பிரியாணித் தட்டை நீட்டிவிடுவார். ஒருமுறை நான் படியேறும்போதே அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "நிஜாமு, உன் கூட்டாளி அந்தக் கண்ணாடித் தட்ட எடுத்துகினு மறுபடியும் வந்துட்டாரு, பாவம், மொதல்ல சாப்டச் சொல்லு."

திருமழிசையிலிருந்து வந்தவர்

சென்டர் மூடியபிறகு நான் இந்தக் கடை போட்டேன். நிஜாம் கேமரா மாட்டும் தொழிலில் இறங்கி, திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிக்கு அவன்தான் கேமரா என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். வெள்ளைக் கார் ஒன்று வைத்திருக்கிறான். எனக்கு ஸ்கூட்டர். போன மாதம் திருமழிசையில் ஒரு யூனிட்டின் சூப்பர்வைசர், உயிர்விட்ட லேப்டாப் ஒன்றோடு வந்தார். புரட்டினார். எல்லோரும் போய் நிற்கிற அந்தப் பக்கத்திலேயே போய் நின்றார். "நம்ம நிஜாம் சாரு!" என்று கூவிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துப் பரிவோடு கேட்டார்: "அவர்கிட்டதான் நீங்க வேல கத்துகினீங்களா?"

சீஃப் கெஸ்ட்

பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் சௌம்யா. திருநெல்வேலிப் பெண், ஐ.டி. வேலை, எதையும் உடனே முடித்துவிடும் சுபாவம். மூடியின் கீல் உடைந்த லேப்டாப்போடு வந்தவர் ஷெல்ஃபைப் பார்த்ததும் அதையே மறந்துவிட்டார். குடியிருப்பின் ஆண்டு விழாவில் இந்தப் பத்திரிகைகளை எல்லாம் கண்காட்சியாக வைக்க வேண்டும், பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் காலத்து ஆள் ஒருவர் மேடையில் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் ஒரு நொடியில் வந்துவிட்டன. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் குனிந்தே இருந்தவனுக்கு ஒருநாள் நிமிர்ந்து நிற்க ஆசை இருக்காதா? சௌம்யா அதற்குள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து போனில் படம் எடுத்துவிட்டார். "சார், இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா? புக்லயே வந்தவரு, இவரையே சீஃப் கெஸ்ட்டா கூப்பிட்டுருவோம். டேபிள் போடுறத மட்டும் நீங்க பாத்துக்கோங்க, என்ன?"

ஜெராக்ஸ் பக்கத்திலிருந்து

அன்று சாயங்காலம் அந்த ஒரு இதழை மட்டும் எடுத்து அடுக்கின் அடியில் செருகினேன். மேலே எடுத்தேன். மறுபடி அடியில் செருகினேன். மலர்விழி யாருடைய ஆதார் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு போட்டோக்கு இவ்ளோ வருஷம் பொறாமப்பட்டதுக்கு, நீங்களும் ஒண்ணு புடிச்சி மாட்டிகினு இருந்துருக்கலாம்."

ஓட்டைக்குள் இருந்தது

விழா நாளில் குடியிருப்பின் ஹாலில் டேபிள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இதழ்களை நான்தான் அடுக்கினேன். பிள்ளைகள் வந்தார்கள். கம்ப்யூட்டர் விளம்பரங்களை ஒருவரும் சீண்டவில்லை. ஆளுக்கொரு இதழை எடுத்து ஓட்டை வழியாகக் கண்ணை வைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜாம் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். தொப்பை போட்டிருந்தான், தலை நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் கட்டத்துக்குள் இருந்த அதே சிரிப்பு. கையில் ஒரு கட்டுப் பத்திரிகை. சிடி கொடுக்க ஆரம்பிக்கும் வரை அவனும் மாதாமாதம் வாங்கியிருக்கிறான், அதற்குப் பிறகுதான் என் சிடியே அவன் வீடு தேடிப் போய்விடுமே. போட்டிக்கெல்லாம் அனுப்புகிற ஆள் இல்லை, அதனால் ஒரு இதழிலும் ஓட்டை கிடையாது. முழுசாகப் பளபளவென்று இருந்தன. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் அடுக்கைப் பார்த்தவன் எதையோ தேடி ஒரு இதழை எடுத்தான், அவன் தேடிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. தன் கட்டிலிருந்து அதே மாத இதழை உருவினான். இரண்டையும் கடைசிப் பக்கங்களில் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். என்னுடையதில் ஓட்டை. அவனுடையதில் அதே இடத்தில், வாசகர் யுக்திகளின் கீழ் மூலையில் நாலைந்து வரிகள். ஃபோல்டரின் பெயர் யார் கண்ணுக்கும் தெரியாதபடி செய்வது எப்படி என்ற யுக்தி. எழுதியது நான். கீழே என் பெயர்: தனசேகரன், அம்பத்தூர். பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் கூப்பன் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு என் பெயரையே சதுரமாக வெட்டி, பின்பக்கம் கோந்து தடவி, டெல்லிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆவடி சென்டரில் மற்ற எல்லோரும் ஓசியில் படித்தது என்னுடைய ஓட்டை விழுந்த இதழைத்தான். யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

நிஜாம் என் முகத்தைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் விளங்கியது. "அடப்பாவி, நீ பாக்கவே இல்லியா? நானு போட்டோவ மாட்டிகினு அலட்டிக்கினு கீறேன், இவன் பேர் வந்தும் ஒரு வார்த்த சொல்லாம கம்முனு கீறானேன்னு எனுக்கு எம்மாம் வயித்தெரிச்சல் தெரியுமா? உன்கிட்ட அதப் பத்திக் கேக்கவே கூடாதுன்னு வெறுப்புல வுட்டுட்டேன் மச்சான்!" என்று ஹால் அதிரச் சிரித்தான். சௌம்யா ஓடிவந்து விஷயம் கேட்டு, மேடையில் இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். டேபிள் என் பொறுப்பு என்பதால் நாற்காலியையும் நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு உட்கார்ந்தேன். பொன்னாடை ஒன்றுதான் இருந்தது, நிஜாம் அதை என் தோளில் போட்டான். எனக்குக் கண் கலங்கியது உண்மை. பொன்னாடை தோளில் இருக்கும்போதே, என் பெயர் இத்தனை காலம் இவன் வீட்டு அலமாரியில் அல்லவா இருந்திருக்கிறது என்று வயிறு கொஞ்சம் எரிந்ததும் உண்மை. இறங்கும்போது மெதுவாக, அந்த இதழை எனக்கே கொடுத்துவிடேன் என்று கேட்டேன். அவன் இதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்: "படிக்கறதுன்னா பூந்தமல்லிக்கு வா மச்சான், உட்காந்து படி, பிரியாணி துன்னு. ஆனா ஊட்டுக்கு எடுத்துகினு போவ வுட மாட்டேன், நீ வெட்டிடுவ."

நாட்டில் எத்தனையோ பேர் அந்தப் பத்திரிகைக்குப் பெயர் வர வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள், வந்த பெயரை வெட்டித் திருப்பி அனுப்பியவன் அநேகமாக நான் ஒருவன்தான், அதற்கும் பரிசு விழவில்லை.