அவருக்கு அவரே வைத்த கெடு

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'யாரது' என்று பட்டப்பெயர். வைத்த மகராசன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். பதினோரு வருடமாக நான் காய்கறிப் பையோடு வாசலில் நின்று மணி அடித்தால், கதவுத் துளை வழியாக என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து "யாரது?" என்று கேட்கிற மனிதர் அவர்.

குடிநீர் அலுவலகத்தின் சர்வர் அவர் பொறுப்பு. அதற்குள் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது. அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் பெயருக்கு டிஜிட்டல் சான்றிதழும் இருக்க வேண்டும். அது காலாவதியானால், குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து 'இவர்தான் அவர்' என்று கையெழுத்துப் போட்டால்தான் மேலாளர் அம்மா புதிது தருவார். கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னால் செல்லாதாம். கூட்டுக் களவாணிகளாம்! இந்தச் சட்டத்தைப் போட்டதும் இவரேதான்.

அன்று என் தங்கை கல்யாணத்துக்கு ஆறு மணி ரயில். நாலு மணிக்குள் அவர் சர்வரில் லீவு போட்டாக வேண்டும். இல்லையென்றால் நான் தனியாகப் போய் சொந்தக்காரர்கள் வாயில் விழ வேண்டும். மூன்று மணிக்கு போன் வந்தது.

"சர்வர் என்னை உள்ள விடமாட்டேங்குது."

காலையிலிருந்து கேபிளைப் பிடுங்கிச் சொருகி, பிரவுசரை மாற்றி, கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டு, பக்கத்து சீட்டு குமாஸ்தாவோடு சண்டையும் போட்டுவிட்டுத்தான் சர்வர் காரணம் எழுதி வைத்திருக்கும் பதிவைப் படித்திருக்கிறார். அவருடைய சான்றிதழ் நேற்றோடு காலாவதி.

"எல்லாருக்கும் ரெண்டு வருஷம் குடுத்தேன்னு சொன்னீங்களே?"

"எனக்கு ஒரு வருஷம்தான் வச்சேன். என்னை நானே எப்படி நம்புறது?"

தலையில் அடித்துக்கொண்டு, பெட்டியும் கையுமாக வண்டி பிடித்து ஓடினேன். மேலாளர் அம்மா படிவத்தை நீட்டினார்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானாம்மா?"

அவரை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தேன்.

"யாரது?" என்றேன்.

மனிதருக்கு வியர்த்து வழிந்தது. "அடியே, விளையாடாத! மணி மூணே முக்கால்!"

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பதினோரு வருடத்தை விட்டுவிட முடியுமா? ஒரு நிமிடம் முழுசாக நிற்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

"எத்தனை வருஷத்துக்குப் போடலாம்?" என்று கேட்டார் மேலாளர் அம்மா.

"நாலு நாள் போடுங்க மேடம். கல்யாணத்துல எப்படி நடந்துக்கிறாருன்னு பார்த்துட்டு நீட்டிக்கலாம்."

அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் 'நாலு நாள்' என்று எழுதினார்.