வீட்டுல இருக்கான்

தென்னூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரின் தோளில் பேத்தியின் ரோஸ் நிற ஸ்கூல் பை, அவர் நெற்றியில் பிளாஸ்திரி. பேத்தி மடியில் இருந்தாள். பேச்சுவாக்கில், “பையன் என்ன பண்றாருங்க?” என்று கேட்டேன்.

“வீட்டுல இருக்கான். குடிக்கிறான்,” என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. நான் சங்கடத்தோடு பேத்தியைப் பார்த்தேன்.

“இவளுக்குத் தெரியாததாங்க? முன்னெல்லாம் துபாய்ல இருக்கான்னுதான் சொல்லுவேன். ‘அப்போ உள்ரூம்ல படுத்திருக்கறது யாரு தாத்தா?’ன்னு ஒரு நாள் கேட்டுட்டா. இருக்கறவன இல்லேன்னு சொல்ல நான் யாருங்க? நானும் இவ பாட்டியும் இருக்கற வரைக்கும் அவனுக்கு அங்கதான் சோறு. பேசறவங்க பேசட்டும்.”

ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது, “உங்க பையன்?” என்றார்.

“பெங்களூர்ல,” என்றேன். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது என் மகன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்திருந்தான்.