ஒரு டாட்டாவை ஒழிக்க வந்த டர்போ

கடலூர் முதுநகர் ஜெயப்பிரகாஷ் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரார் உயிருக்கெல்லாம் பாலிசி போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் உயிரை ஒரு பழைய டீசல் அம்பாசிடரிடம் ஒப்படைத்திருந்த மாமனிதர். அவருடைய வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் பிறப்பு, படிப்பு, கல்யாணம் போன்ற சில்லறை விஷயங்களைத் தள்ளிவிட்டு நேரே டர்போவுக்கு வந்துவிடுவது நல்லது. அவரே அப்படித்தான் வருவார்.

தினமும் காலையில் அவரும் மனைவி மலர்க்கொடியும் அந்தக் காரில் சிதம்பரம் போவார்கள். அவருக்கு அங்கே வாடிக்கையாளர்கள்; அம்மையாருக்கு அங்கே நர்ஸ் வேலை. தினமும் புதுச்சத்திரம் தாண்டி ஒரு தனியார் பஸ் அவர்களை முந்தும். முந்திவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் ஜன்னலோரத்தில் மலர்க்கொடியோடு வேலை பார்க்கும் சத்யப்பிரியா உட்கார்ந்துகொண்டு டாட்டா காட்டுவாள்.

இந்த டாட்டாவை ஒழிப்பதற்காகவே, உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் டர்போவை வாங்கி அம்பாசிடரில் மாட்டினார். புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சக்கரம் அது. அளவோடு திணித்தால் கார் பறக்கும். அளவு மீறினால் ஹெட் கேஸ்கட் பறக்கும். மீறாமல் இருக்க, புகையை வேறு வழியில் திருப்பிவிடும் சின்னக் கதவு ஒன்று உண்டு. ஜெயப்பிரகாஷுக்கு வாய்த்த கதவு பயந்த சுபாவம். ஏழு பவுண்டு அழுத்தத்திலேயே திறந்துகொண்டது. பஸ் முந்தியது. டாட்டா வந்தது.

"ஞாயித்துக்கெழம காயலாங்கடக்காரர வரச் சொல்லிட்டேன் மாமா" என்றாள் மலர்க்கொடி. "அதுக்குள்ள ஒரு தடவயாச்சும் அந்த பஸ்ஸ முந்திக் காட்டு. இல்லன்னா இத எடைக்குப் போட்டுட்டு நானும் பஸ்ஸுல ஏறிடுவேன்."

அன்றிரவு ஜெயப்பிரகாஷ் தூங்கவில்லை. விஞ்ஞானம் அப்படித்தான் வளர்கிறது. கதவுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயில் ஒரு கிளை வைத்தார். வீட்டில் மீந்து கிடந்த குளுக்கோஸ் டிரிப் குழாயை அதில் செருகி, டேஷ்போர்டில் அழுத்தம் காட்டும் மீட்டருக்குப் பக்கம் வரை இழுத்துவிட்டார். குழாயிலுள்ள உருளையைத் திறந்தால் காற்று கொஞ்சம் கசியும், கதவுக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும், அது ஏமாந்து தாமதமாகத் திறக்கும், அழுத்தம் ஏறும். மூடினால் இறங்கும். மேலதிகாரிக்குப் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்து ஆபீஸ் நடத்தும் அதே முறை.

"பதினாலு பவுண்டு தாண்டுனா என்னக் கூப்புடாத" என்று படகு எஞ்சின் மெக்கானிக் சாமிக்கண்ணு கும்பிட்டுச் சொல்லிவிட்டார். "நேரா காயலாங்கடயக் கூப்புடு."

சனிக்கிழமை காலை. நாலுவழிச் சாலை காலியாகக் கிடந்தது. கண்ணாடியில் பஸ் தெரிந்தது, பெரிதானது, ஹாரனோடு பக்கத்தில் வந்து, முன்னாலும் போய்விட்டது. ஜெயப்பிரகாஷ் பதற்றத்தில் உருளையைத் திருகினார். மீட்டரில் ஊசி விழுந்தது.

"மூடுற மாமா! உருளையத் திருகுனா ஏறும்னு யாரு சொன்னா? நீ என்னைக்காச்சும் டிரிப்பு போட்டிருக்கியா? கைய எடு!"

உருளை மலர்க்கொடியின் கட்டைவிரலுக்கு வந்தது. அது எத்தனையோ உயிர்களைச் சொட்டுச் சொட்டாக நிறுத்தி வைத்த விரல். மெல்லத் தள்ளினாள். ஒன்பது. பதினொன்று. பானெட்டுக்குள் ஒரு விசில் கிளம்பியது. பஸ் வலப்பக்கத்திலேயே போக, இடப்பக்கத் தடத்தில் அம்பாசிடர் எழுந்து ஓடியது. பஸ்ஸின் பின்சக்கரம், படிக்கட்டு, ஜன்னல். டாட்டாவுக்காகத் தூக்கிய சத்யப்பிரியாவின் கை, போக இடமில்லாமல் தலைமுடியைக் கோதியது.

"பதிமூணு! போதும் மலரு, மூடு!"

"சும்மா இரு மாமா. பேஷண்ட் நல்லாத்தான் இருக்காரு."

பதினாலுக்கு ஒரு மயிரிழை முன்னால் ஊசியை அவள் நிறுத்தினாள். அது ஆடாமல் நின்றது. பஸ் டிரைவரின் முகம் பக்கத்தில் வந்து, பின்னால் போய், கண்ணாடிக்குள் சின்னதாகிவிட்டது. ஜெயப்பிரகாஷ் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது.

மலர்க்கொடி ஒரு கையால் போனை எடுத்தாள். "அண்ணே, நாளைக்கு வராதீங்க. ஆமாண்ணே, வண்டி குடுக்கறதா இல்ல."

ஆனந்தக் கண்ணீரோடு அவர் உருளையை நோக்கிக் கையை நீட்டினார். பட்டென்று கைமேல் ஓர் அடி விழுந்தது.

"ரோட்டப் பாரு மாமா. முன்னால இன்னொரு பஸ் போவுது."