ஐந்து பேருக்கு ஒரு பெட்டி

நாங்கள் தண்ணீர் பம்பு விற்கிற நிறுவனம். என் பக்கத்து இருக்கை அக்கா சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. எந்த வேலையையும் தள்ளிப்போடத் தெரியாதவர். அதுதான் அவருக்கு வினையாயிற்று.

எங்கள் அலுவலகத்தில் யாராவது விலகினால் அவருடைய மெயில் முகவரியை மூடுவதில்லை. அதை அக்காவின் பெட்டியோடு மாற்றுப் பெயராக இணைத்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஸ்டோர் ஐயா, வெளியூர் போய்விட்ட விற்பனை மேடம், சண்டை போட்டுக்கொண்டு போன மெக்கானிக், கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர். நான்கு பேருக்கு வருகிற கடிதமும் அக்காவிடம்தான் வந்து விழும். சொந்தப் பெயருக்கு வருவது குறைவு.

"நாலு பேரை சம்பளமில்லாம வச்சு மேய்க்கிறேன்" என்பார்.

அக்காவின் கணவரும் ஆறு வயது மகளும் இருப்பது வேறு ஊரில். அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியானது. மாற்றல் வேண்டுவோர் பதில் எழுதலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அன்று மாலையே அக்கா பதில் எழுதி அனுப்பினார். மகளுக்கு அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

பத்து நாள் கழித்து வந்த பதிலை எனக்குக் காட்டினார். "ஐயா, தாங்கள் ஓய்வுபெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. மாற்றல் வழங்க வழியில்லை."

சுற்றறிக்கை வந்திருந்தது ஸ்டோர் ஐயாவின் முகவரிக்கு. எந்தப் பெயருக்குக் கடிதம் வந்ததோ அந்தப் பெயரிலிருந்தே பதில் போகும்படி எங்கள் மெயில் அமைந்திருக்கிறது. அனுப்புநர் பெயரை அக்கா பார்க்கவில்லை. எங்கள் பிரிவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போனவர் அரை மணி நேரம் வரவில்லை.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து விளக்கினார். வெள்ளிக்கிழமை வரை விண்ணப்பத்தை ஏற்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவரிடமிருக்கும் மாற்றுப் பெயர்களுக்கு வேறொருவர் பொறுப்பேற்றுக்கொண்டதாக மேலாளர் எழுதித் தர வேண்டும்.

மேலாளர் எங்கள் மேசைகளுக்கு நடுவே வந்து நின்றார்.

"எனக்கென்னம்மா, உடனே கையெழுத்துப் போடுறேன். அந்த நாலையும் யார் எடுத்துக்கிறீங்க?"

"எனக்கே தலைக்கு மேல இருக்கு சார்" என்றார் பில் போடுகிறவர்.

"நான் போன மாசம்தான் சேர்ந்தேன்" என்றது இன்னொரு குரல்.

மேலாளர் என்னைப் பார்த்தார். அக்காவுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. எடுத்துக்கொண்டால் அது அந்த நான்கோடு முடியப்போவதில்லை. அடுத்து விலகுகிறவரும் என் பெட்டிக்குத்தான் வருவார். இரண்டு வருடத்தில் நானும் ஒரு மாற்றல் கேட்க நினைத்திருக்கிறேன்.

"ஒண்ணு வேணும்னா எடுத்துக்கிறேன் சார்" என்றேன்.

"ஒத்தையா ஒண்ண மட்டும் பிரிச்சா மிச்சம் மூணும் ஏங்கிப் போயிடும்டி" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

"மொத்தமா ஒருத்தர் எடுத்தாத்தான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா கணவரிடம் போனில் பேசினார். "நீங்களே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுடுங்க. முதல் நாள் அழுவா. வாசல்ல நிக்காதீங்க, திரும்பிப் பாத்தா இன்னும் அழுவா."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.